விவசாயப் பொருட்காட்சியும் வாங்குவோர் கடமையும்

வேதாரண்யம் தாலூகாவிலும் அதனையடுத்த திருத்துறைப்பூண்டிப் பகுதியிலும் ஏர்மாடு வாங்கிப் பழகிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் உம்பளச்சேரி ஜோடி ஒன்றைக் கிரயம் பேசுவதை ஒருமுறை கண்டவர் எளிதில் மறக்கமாட்டார். முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டு நடை பார்ப்பார்கள், பிறகு ஏரில் பூட்டிச் சேற்றில் இரண்டு சால் ஓட்டிப் பார்ப்பார்கள். விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர் எவ்வளவு புகழ்ந்தாலும், இவ்வளவும் முடிந்த பின்னரே முன்பணம் கை மாறும்.

இத்தகைய எச்சரிக்கையுள்ள குடியில் பிறந்த நாம், பட்டணத்துப் பொருட்காட்சியில் நுழைந்ததும் வேறு மனிதராகிவிடுகிறோம். பல ஜோடி மாடுகளின் விலைபெறும் யந்திரம் ஒன்றை, வர்ணப் படம் போட்ட துண்டுப் பிரசுரத்தையும் விற்பனையாளரின் இனிய பேச்சையும் நம்பி, அரை மணி நேரத்தில் பேசி முடித்து முன்பணம் கட்டிவிட்டு வருகிறோம். "இன்று மட்டும் தள்ளுபடி" என்ற பலகை ஒன்றே நம் முன்னோர் பழக்கத்தையெல்லாம் மறக்கச் செய்துவிடுகிறது. இந்த வழக்கம் மாறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருட்காட்சிகள் வீண் என்று நாம் கூறவில்லை. கோயம்புத்தூரில் கொடிசியா வளாகத்தில் ஜூலை மாதத்தில் கூடும் அக்ரி இன்டெக்ஸ் பொருட்காட்சிக்கு நம் டெல்டாப் பகுதியிலிருந்தும் விவசாயிகள் போய் வருகின்றனர். ஒரே தொழிலைச் செய்யும் பல கம்பெனியார் பக்கத்துக்குப் பக்கம் நிற்கும் இடம் அதனைப் போல் வேறில்லை. ஒருவர் மறைக்கும் குறையை அடுத்த கடைக்காரர் சொல்லிவிடுவார். யந்திரத்தைச் செய்த என்ஜினீயரையே நேரில் கண்டு கேள்வி கேட்கலாம். ஆயினும் அங்கே இல்லாதது ஒன்றுண்டு. அது நம்முடைய நிலம். சிமெண்டுத் தரையில் ஓடும் யந்திரம் சேற்றில் எப்படி ஓடும் என்பதும், தொட்டி நீரை வாரி இறைக்கும் மோட்டார் நம் கேணியில் என்ன செய்யும் என்பதும் அங்கே தெரிவதில்லை. ஆதலின், பொருட்காட்சி கேட்டறிவதற்கு மிகச் சிறந்த இடம். பணம் கொடுப்பதற்கு ஏற்ற இடம் அன்று. இதுவே நமது அபிப்பிராயம்.

கொண்டுபோக வேண்டிய குறிப்பு

இதனை எழுதுபவனும் மேற்சொன்ன குற்றத்தினின்று நீங்கியவன் அல்லன். கோடியக்கரையில் எமக்குச் சிறிய தென்னங்கொல்லை ஒன்று உண்டு. மணற்பாங்கான நிலம். ஆழமில்லாத கேணியில் நல்ல தண்ணீர் ஊறும். சிறிய மோட்டார் ஒன்று காலையில் இரண்டு மணி நேரம் இறைத்தால் கேணி வற்றிவிடும். மாலைக்குள் மறுபடி ஊறிவிடும். இது போதாதென்று எண்ணி, ஒரு பட்டணத்துப் பொருட்காட்சியில் 5 குதிரைச் சக்தியுள்ள மோட்டார் ஒன்றைத் தள்ளுபடி விலைக்கு வாங்கி, ஆழமாகக் குழாயும் இறக்கினோம். முதல் கோடையில் தண்ணீர் பெருகி வந்தது. ஊரார் வந்து பார்த்தனர். இரண்டாம் கோடையில் தண்ணீர் கரித்தது. கத்தரிச் செடிகள் இலை நுனி கருகிப் போயின. தென்னையிலே குரும்பை உதிர்ந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை, மோட்டார் பழுதில்லை. அவர் எம்மிடம் கேணியின் ஆழமென்ன, கடல் எவ்வளவு தூரமென்று கேட்கவில்லை, யாமும் சொல்லவில்லை. பழைய சிறிய மோட்டாருக்குத் திரும்பி, மூன்று மழைக்காலம் பொறுத்திருந்த பின்னரே கேணி நீர் குடிக்கத்தக்கதாயிற்று.

இதன் காரணத்தைக் கடற்கரைக் கிராமத்தார் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம். நம் மணற்பகுதியிலுள்ள நல்ல தண்ணீர் ஆற்றிலிருந்து வருவதன்று. ஐப்பசி, கார்த்திகை மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள கனமான உப்புநீரின்மேல் பாலின்மேல் ஆடை போல் மிதந்து நிற்பதே அது. ஹாலந்து தேசத்துக் கிபன், ஜெர்மனி தேசத்து ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்ட கணக்கு ஒன்றுண்டு. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது அது. இதன் மறுபக்கம்தான் அச்சம் தருவது. மேலே 1 அடி நிலையாகக் குறையும்படி இறைத்துவந்தால், அடியிலுள்ள உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலேறும். விவசாய மின்னிணைப்புக்குக் கட்டணம் இல்லாமையால், தேவைக்கு மிஞ்சிய மோட்டாரின் செலவு பில்லில் தெரிவதில்லை, கேணியில்தான் தெரிகிறது.

ஆகவே, பொருட்காட்சிக்குப் போகிறவர் பணப்பையை எடுக்குமுன் ஒரு குறிப்பேட்டை எடுக்கவேண்டும். அதில் நிலத்தின் ஏக்கர் அளவு, மண்ணின் தன்மை, கேணியின் ஆழம், கோடையில் நிற்கும் நீர்மட்டம், தண்ணீரில் உப்பின் அளவு, வயல் வரப்பின் அகலம், வயலுக்குச் செல்லும் பாதையின் அகலம், யந்திரம் தேவைப்படும் மாதம் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். மண்ணும் தண்ணீரும் பரிசோதிக்க அரசாங்கப் பரிசோதனை நிலையங்கள் உள. பரிசோதனைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறவரிடம் விற்பனையாளர் பேசும் பேச்சே வேறு விதமாக இருக்கும்.

யந்திரம் வாங்குவோருக்கு

யந்திரத்தின் பெயரை நம்பி வாங்கி ஏமாந்த ஒரு விவசாயியின் கதை உலகிற்கே நன்மையாக முடிந்தது. முதல் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்தில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி "போர்டு" என்று பெயர் பொறித்த டிராக்டர் ஒன்றை வாங்கினார். மோட்டார் கார் செய்து புகழ்பெற்ற ஹென்ரி போர்டுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. போர்டு என்ற பெயருள்ள வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு, அப்பெயருக்காகவே தொடங்கிய கம்பெனியின் சரக்கு அது. டிராக்டர் வேலை செய்யவில்லை. அடுத்து வாங்கிய வேறொன்றும் பழுதாயிற்று. பின்னர் அவர் சட்டசபை உறுப்பினராகி, 1919ம் ஆண்டில் மற்றொரு உறுப்பினருடன் சேர்ந்து ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தார். சர்வகலாசாலையில் சோதித்துத் தேறாத எந்த டிராக்டர் மாதிரியையும் அம்மாகாணத்தில் விற்கலாகாது. விற்கும் கம்பெனி உதிரிப் பாகங்களை மாகாணத்துக்குள்ளேயே இருப்பு வைக்கவேண்டும் என்பன அதன் விதிகள். 1920ல் தொடங்கிய அச்சோதனைகளின் முடிவுகளைப் பிற தேசத்தாரும் மதித்தனர்.

நம் தேசத்திலும் இவ்வகைச் சோதனைக்கு இடமுண்டு. மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலும், ஆந்திரப் பிரதேசத்தில் அனந்தப்பூர் ஜில்லாவிலுள்ள கார்லதின்னேயிலும் மத்திய அரசாங்கத்தின் பண்ணை யந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. டிராக்டர், பவர் டில்லர், அறுவடை யந்திரம் முதலியவற்றை அங்கே ஓட்டிப் பார்த்து, உண்மையான சக்தி எவ்வளவு, மணிக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகும், எந்தப் பாகம் சீக்கிரம் தேய்கிறது என்று அறிக்கை எழுதுகிறார்கள். கடையில் முதலில் கேட்கவேண்டியது விலையன்று, இவ்வறிக்கையே. அதனைக் காட்டத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது கேள்வி உதிரிப் பாகத்தைப் பற்றியது. தை மாதத்தில் சம்பா கதிர் சாய்ந்து கிடக்கும்போது யந்திரம் நின்றுவிட்டால், பாகம் கோயம்புத்தூரிலிருந்து வருமா, நாகப்பட்டினத்தில் கிடைக்குமா, திருத்துறைப்பூண்டியில் கிடைக்குமா? பழுது பார்ப்பவர் எத்தனை நாளில் வருவார்? "உடனே வருவார்" என்பது விடையன்று. நாட்கணக்கை எழுதி வாங்கவேண்டும். அதே மாதிரியை நம் ஜில்லாவில் வாங்கிய இருவருடைய பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் அவர்களைப் போய்ப் பார்க்கவேண்டும். ஒரு போகம் ஓட்டியவர் சொல்லும் ஒரு வார்த்தை, பத்துப் பிரசுரங்களுக்கு மேலானது.

மூன்றாவது, நிலத்துக்கு ஏற்றதா என்பது. அறுவடைக் காலத்தில் ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதையும். பெல்ட் வண்டியே செல்லும். மேட்டு மணற்கொல்லைக்கு அவ்வளவு கனமான யந்திரம் எதற்கு? அண்டை ஊரார் வாங்கியது என்பது மட்டும் காரணமாகாது.

நிற்க. சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு அமர்த்துவதா என்ற கணக்கைப் போடாமலே பலர் வாங்கிவிடுகின்றனர். உதாரணமாக ஒரு யந்திரத்தின் விலை ரூ. 2,40,000 என்றும், அது 8 ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் ரூ. 30,000. போட்ட முதலில் சராசரி பாதிக்கு நூற்றுக்குப் பத்து வீதம் வட்டி ரூ. 12,000. பழுதுபார்ப்பும் கொட்டகையும் ரூ. 12,000. ஆக, யந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டொன்றுக்கு ரூ. 54,000 செலவு. ஏக்கருக்கு வாடகை ரூ. 1,500 என்றும், சொந்த யந்திரத்துக்கு எண்ணெயும் ஆள் கூலியும் ரூ. 600 என்றும் கொண்டால், ஏக்கருக்கு மிச்சம் ரூ. 900. செலவு ஈடாக வேண்டுமானால் ஆண்டில் 60 ஏக்கர் வேலை வேண்டும். ஒரு போகம் மட்டும் விளையும் 5 ஏக்கர்காரருக்கு இது எவ்வாறு கட்டும்? அத்தகையவர் 12 பேர் சேர்ந்தால் முதலுக்கு நஷ்டமில்லை. அதற்கு மேல்தான் லாபம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. வேளாண்மைப் பொறியியல் துறையார் யந்திரங்களை வாடகைக்கு விடுகின்றனர். வாங்க எண்ணிய வகையை ஒரு போகம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது, மாட்டை ஏரில் பூட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

மானியம் வேண்டுவோர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். விண்ணப்பித்து அனுமதி பெற்ற பின்னரே வாங்குதல் முறை. கடைக்காரர் சொல்லை நம்பி முன்னதாகப் பணம் கட்டியவர், பிறகு அலுவலகத்தில் நின்று வருந்துவதில் பயனில்லை.

விதையும் கன்றும்

யந்திரம் கெட்டால் அடுத்த வாரம் தெரியும். விதை கெட்டால் அடுத்த மாதம் தெரியும். தென்னங்கன்று கெட்டதோ ஆறாம் ஆண்டில்தான் தெரியும். 2018ம் ஆண்டு நவம்பர் 16ந் தேதி கஜா புயல் வேதாரண்யக் கரையில் ஏறி நம் தோப்புகளைச் சாய்த்த பின், கன்று கிடைத்தால் போதுமென்று அலைந்த நாட்களை நாம் மறக்கவில்லை. கிழக்குக் கரை நெட்டை ரகம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். அவசரத்தில் நட்ட கன்றின் குணத்தை அறியுமுன் மனிதனுடைய உழைப்பில் ஒரு பெரும் பகுதி கழிந்துவிடுகிறது. கன்று 9 முதல் 12 மாத வயதினதாயும், குறைந்தது 6 இலையுடையதாயும், கழுத்துப் பகுதியின் சுற்றளவு 10 சென்டிமீட்டருக்குக் குறையாததாயும் இருத்தல் வேண்டும். இலை முன்னதாகவே பிரிந்திருப்பது நல்ல அடையாளம். அளவு நாடா ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தாய் மரம் எந்த ஊரில் உள்ளது என்று கேட்கவும் வேண்டும். தஞ்சாவூர் ஜில்லா வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்க, ஊர் பேர் தெரியாத கன்றைக் கண்காட்சிப் பந்தலில் வாங்குவானேன்?

நெல் விதையைப் பொறுத்தவரை, 1966ம் ஆண்டின் விதைச் சட்டம் வாங்குவோருக்குத் துணை நிற்கிறது. சான்று பெற்ற விதை மூட்டையில் நீல நிற அட்டை இருக்கும். நெல்லுக்கு முளைப்புத் திறன் நூற்றுக்கு 80க்குக் குறையலாகாது. அட்டையில் சோதனைத் தேதியையும் காலாவதித் தேதியையும் படித்துப் பார்க்க வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கலாகாது. அட்டையையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்த வேண்டும். இவை இல்லையேல் எந்த அதிகாரியும் உதவி செய்ய இயலாது. விதைக்குமுன் நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் முடிந்து வைத்து முளையை எண்ணிப் பார்ப்பது, நம் வீட்டுப் பெண்மக்களும் அறிந்த சோதனைதானே! நம் உவர் நிலத்துக்குத் திருச்சிராப்பள்ளியில் கண்ட டி.ஆர்.ஒய். ரகங்கள் இருக்க, அட்டையில் படம் அழகாயிருக்கிறதென்று நல்ல நிலத்து ரகத்தை வாங்கிவந்து குறைகூறுவது நியாயமன்று.

இவ்விஷயத்தில் நம் அண்டையிலேயே ஒரு நல்ல வழிகாட்டி உண்டு. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அவர்கள் தொடங்கிய நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் விதையை ஒவ்வொரு விவசாயிக்கும் 2 கிலோ வீதம் கொடுப்பார்கள். மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை. 2018ம் ஆண்டு டிசம்பரில் அவர் காலமான பின்னரும் அவ்வழக்கம் தொடர்ந்தது. அந்த 2 கிலோவின் பொருளை நாம் ஊன்றி நோக்கவேண்டும். 2 கிலோ விதையால் எவரும் பணக்காரராக முடியாது. எவரும் கெட்டுப்போகவும் முடியாது. ஒரு மூலையில் விதைத்து, நம் மண்ணுக்கும் நம் மழைக்கும் அது தாங்குகிறதா என்று பார்க்க மட்டுமே அது போதும். திருப்பித் தரவேண்டியிருப்பதால் விளைவைக் கணக்கிட்டே ஆகவேண்டும். குழியடிச்சானோ மாப்பிள்ளைச் சம்பாவோ, எதுவாயினும் முதலில் சிறிது, பின்னர் பெரிது என்ற இம்முறையே வாங்குவோர் அனைவருக்கும் தக்க முறை.

கிராமம் கூடிப் போதல்

கோடியக்கரையிலிருந்து கோயம்புத்தூர் ஓர் இரவுப் பயணம். ஒவ்வொருவரும் தனித்தனியே போய், தனித்தனியே களைத்து, தனித்தனியே ஏமாந்து வருவதைவிட, கிராமம் நான்கு பேரைத் தேர்ந்து அனுப்புவது சிலாக்கியம். அவர்களில் ஒருவர் யந்திரம் ஓட்டத் தெரிந்த இளைஞராயும், ஒருவர் கணக்கறிந்தவராயும், ஒருவர் வயது முதிர்ந்த விவசாயியாயும் இருக்கட்டும். நான்காமவர் சிறு நிலக்காரராக இருத்தல் வேண்டும்; இல்லையேல் பெரிய மிராசுதாரர்களுக்கு ஏற்றதே எல்லாருக்கும் ஏற்றதென்று முடிவாகிவிடும். புறப்படுமுன் ஊரின் தேவைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் நாள் எதையும் விலை பேசாமல் எல்லாக் கடைகளையும் சுற்றி வரட்டும். இரண்டாம் நாள் மூன்று கடைகளில் மட்டும் உட்கார்ந்து பேசட்டும்.

"அப்படியானால் தள்ளுபடி போய்விடுமே" என்பார் பலர். தள்ளுபடியை விடவேண்டாம், அதனை எழுத்தில் வாங்கிவாருங்கள். இவ்விலை இத்தனை நாள் வரை செல்லும் என்று கம்பெனி முத்திரையுடன் எழுதித் தரக் கேளுங்கள். பன்னிரண்டு குடும்பங்களின் பெயரால் கேட்கும் நால்வருக்கு மறுப்பவர் அரியர். மறுப்பாராயின், விற்ற பின்னர் அவர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதை விலையின்றியே அறிந்துகொண்டதாகும். நம் வயலில் ஒருநாள் ஓட்டிக் காட்டும்படியும் கேட்கலாம். ஒரு ஊரே வாங்குமென்றால் யந்திரத்தை ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

இங்கே கிராம அதிகாரிகளின் கடமை தொடங்குகிறது. நில அளவும் பயிர்க் கணக்கும் அவர்களிடம் இருக்கின்றன. எந்தப் பாதையில் எந்த வண்டி செல்லும் என்பதும் அவர்கள் அறிந்ததே. இவற்றை நால்வருக்கும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய உபகாரம். ஜூலைப் பொருட்காட்சி முடிந்து சில வாரங்களில் ஆகஸ்டு 15ந் தேதி கிராம சபை கூடுகிறது. போய்வந்தவர்கள் தாங்கள் கண்டதையும், கேட்ட விலைகளையும், வேண்டாமென்று தள்ளியவற்றையும் அங்கே வாசிக்க வேண்டும். தள்ளியவற்றைச் சொல்லுதல் மிக முக்கியம். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே வலையில் விழாமல் தடுப்பது அதுவே. வாங்குவதென்று முடிவானால் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாகவோ, விவசாயிகள் குழுவின் பெயராலோ வாங்கி, எவர் எந்த நாளில் ஓட்டுவது, பழுதுக்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கூட்டு யந்திரம் கெடுவது துருவினால் அன்று, இவ்வெழுத்து இல்லாமையால்தான்.

மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்று காத்திருப்பவரும், மழையையே நம்பி விதைப்பவரும் நிறைந்த பகுதி நம்முடையது. புயலையும் கடல்நீரையும் நம்மால் தடுக்க இயலாது. பணத்தை எங்கே, எப்போது, எதற்காகக் கொடுப்பது என்பது ஒன்றாவது நம் கையில் இருக்கிறது. ஆகையால் மிராசுதாரர்களே, சிறு நிலக்காரர்களே, பொருட்காட்சிக்கு அவசியம் போய் வாருங்கள். குறிப்பேட்டுடன் போங்கள், கேள்விகளைக் கொடுத்து விடைகளை வாங்கி வாருங்கள். பணத்தை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மாட்டின் பல்லைப் பார்த்த கண் நம்மிடம் இன்னும் இருக்கிறது. யந்திரத்துக்கும் விதைக்கும் அக்கண்ணையே திறந்து வையுங்கள்.